ரிப்பேரிலே பாடம் படித்த ஜி.டி.நாயுடு

கோயமுத்தூருக்குப் பக்கத்தில் சூலூர் இருக்கிறது. சூலூருக்கு அருகே கலங்கல் என்று ஒரு சிற்றூர். அந்த ஊர் வழியாக ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அவர் பெயர் லங்காஷயர். நில வருவாய் இலாகாவைச் சேர்ந்தவர்.

வந்த வண்டி ஊர் அருகே நின்றுவிட்டது!

துரை இறங்கினார். உதைத்துப் பார்த்தார். கிளம்பவில்லை. கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு கந்தல் துணியும் வேண்டுமென்று கேட்டாராம். அங்கே நின்ற ஓர் இளைஞன் ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தான். துரை சில பாகங்களைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டினார். உதைத்தார். வண்டி படபடவென்று சத்தம் போட்டது. ஏறி உட்கார்ந்து போய்விட்டார்.

ஊரார் வண்டி ஓடியதைப் பார்த்து வியந்தார்கள். அந்த இளைஞனோ வேறொன்றை எண்ணி வியந்தான். செத்துக் கிடந்த வண்டிக்குத் துணியும் மண்ணெண்ணெயும் எப்படி உயிர் கொடுத்தன? உள்ளே என்ன இருக்கிறது? எது கெட்டது? எதைத் துடைத்தார்?

அந்த இளைஞன்தான் துரைசாமி. பிற்காலத்தில் நாடறிந்த ஜி.டி.நாயுடு.

பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை

துரைசாமி 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி கலங்கலில் பிறந்தார். தகப்பனார் கோபால்சாமி நாயுடு விவசாயி. தாயார் சிறு வயதிலேயே காலமாகிவிட்டார்.

பையனுக்குப் பள்ளிக்கூடம் என்றால் வேப்பங்காய். வாத்தியார்மேல் மண்ணை வாரி வீசிவிட்டு ஓடியவன் என்று அவரைப்பற்றி ஒரு கதை உண்டு. படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றது. தகப்பனார் அவனைத் தோட்டத்துக்கு அனுப்பினார். பகலெல்லாம் வயல் வேலை. கையில் கிடைக்கிற காகிதத்தை எல்லாம் தானாகவே படித்துக்கொண்டான்.

அந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்த பிறகு தோட்டத்திலே அவன் மனம் ஒட்டவில்லை. கோவைக்குப் புறப்பட்டான். ஒரு ஓட்டலில் சர்வர் வேலை கிடைத்தது. எச்சில் இலை எடுத்தான். மேஜை துடைத்தான். கிடைத்த சம்பளத்தை எண்ணி எண்ணிச் சேர்த்தான். சில வருஷங்கள் இப்படிப் போயின.

பணம் சேர்ந்ததும் நேரே லங்காஷயர் துரையிடம் போய் நின்றான். 300 ரூபாய் கொடுத்து, எந்த வண்டியைப் பார்த்து மயங்கினானோ அதே வண்டியை வாங்கிவிட்டான் என்று சொல்வார்கள். அது ரட்ஜ் என்ற ஆங்கிலக் கம்பெனியின் வண்டி.

வாங்கியவன் ஊர் சுற்றினானா? இல்லை. வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினான்! கழற்றியதைத் திரும்பப் பூட்டினான். மறுபடி கழற்றினான். எந்த ஆணி எங்கே போகிறது, எந்தச் சக்கரம் எதைத் திருப்புகிறது என்பது கைக்குப் பழகும்வரை விடவில்லை.

அந்த வண்டியில் பாட்டரி கிடையாது. பியூஸ் கிடையாது. எஞ்சின் சுற்றும்போது மாக்னெட்டோ என்ற சிறு கருவி தானும் சுற்றி மின்சாரம் உண்டாக்கும். அந்த மின்சாரம் பிளக்கின் நுனியில் பொறியாகத் தெறிக்கும். பெட்ரோல் ஆவி அந்தப் பொறியில் வெடிக்கும். எஞ்சின் ஓடும். பிளக்கின் நுனியில் கரி பிடித்தால் பொறி வராது. கார்புரேட்டரில் தூசி அடைத்தால் பெட்ரோல் வராது. பொறி இல்லை, அல்லது பெட்ரோல் இல்லை: நின்ற வண்டிக்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் நோய். மண்ணெண்ணெயில் நனைத்த துணி துடைத்து எடுப்பது இந்தக் கரியையும் தூசியையும்தான்.

நஷ்டமும் ஒரு பஸ்ஸும்

இதற்குப்பிறகு நாயுடு பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். முதல் உலக யுத்த காலத்தில் நல்ல லாபம் வந்தது. பெரிய வியாபாரி ஆகலாம் என்று பம்பாய்க்குப் போனார். போட்ட பணம் போயிற்று. வெறுங்கையோடு கோவைக்குத் திரும்பினார்.

கோவையில் அப்போது சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் பெரிய தொழிலதிபர். மில்லும் மோட்டார் கம்பெனியும் நடத்தினார். நாயுடு அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். மோட்டார் வண்டி பற்றி இந்தப் படிக்காத மனிதருக்குத் தெரிந்திருந்த விஷயங்கள் ஸ்டேன்ஸுக்கு ஆச்சரியம் தந்தன. அவர் உதவியோடு நாயுடு ஒரு பஸ் வாங்கினார். ஒரு பகுதி பணம் ரொக்கம். மீதி கடன்.

1920-ஆம் வருஷம். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த பஸ் ஓடியது. டிரைவர் யார்? நாயுடுவேதான்! வழியில் வண்டி நின்றால் மெக்கானிக்கும் அவரேதான்.

அந்தக் காலத்துச் சாலையை நினைத்துப் பாருங்கள். தார் இல்லை. தூசி மேகமாக எழும். பஸ் நிறையப் பழனி யாத்திரிகர்கள். நடுக்காட்டில் வண்டி நின்றுவிட்டால் அடுத்த ஊர் பல மைல். ரிப்பேர் செய்யத் தெரியாத டிரைவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான். குழந்தை அழும். பாட்டி முருகனைக் கூப்பிடுவாள். அடுத்த தடவை மாட்டு வண்டியிலேயே போகலாம் என்று ஜனங்கள் முடிவு கட்டிவிடுவார்கள். பஸ் முதலாளியின் பிழைப்பு அதோடு போயிற்று.

நாயுடுவின் பஸ் தொழில் பெருகியது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்று பெயர் வைத்தார். யு.எம்.எஸ். என்றால் கோவை ஜில்லாவில் தெரியாதவர் இல்லை. 1933-ஆம் ஆண்டில் சுமார் 280 பஸ்கள் அவரிடம் இருந்தன என்று கணக்குச் சொல்கிறார்கள். டிக்கெட் கொடுக்க மெஷின் வைத்தார். சொன்ன நேரத்துக்கு வண்டி புறப்பட வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். சொந்தப் பட்டறை வைத்து வண்டிகளைப் பார்த்துக்கொண்டார். நேரம் தவறாமல் பஸ் ஓடுவது டிரைவரின் கையில் மட்டும் இல்லை. முந்தின இரவு பட்டறையில் வேலை செய்தவனின் கையிலும் இருக்கிறது.

வண்டிக்குள் மின்சாரம் வந்தது

நாயுடு தொழில் கற்ற காலத்தில்தான் மோட்டார் வண்டியே பெரிய மாறுதல் அடைந்தது.

முன்னாளில் வண்டியைக் கிளப்ப முன்பக்கம் இரும்பு ஹாண்டிலைச் செருகிச் சுற்றவேண்டும். சில சமயம் எஞ்சின் பின்னுக்கு உதைக்கும். சுற்றியவனின் மணிக்கட்டு முறியும். விளக்கு வேண்டுமானால் கார்பைடில் தண்ணீர் சொட்டவிட்டு எழும் வாயுவைக் கொளுத்த வேண்டும்.

அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்ற எஞ்சினீயர் இதற்கு ஒரு முடிவு கட்டினார். பண்ணையில் பிறந்தவர் அவர். வாலிபத்தில் டெலிபோன் கம்பி இழுக்கும் கூட்டத்தோடு வேலை செய்தவர். பாட்டரியும் சிறு மின் மோட்டாரும் கொண்டு எஞ்சினைச் சுழற்றிவிடும் செல்ப் ஸ்டார்ட்டரை அவர் அமைத்தார். 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் அது வந்தது. வண்டி ஓடும்போது டைனமோ மின்சாரம் உண்டாக்கும். பாட்டரி அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதே பாட்டரி விளக்கும் எரிக்கும், ஹாரனும் அடிக்கும்.

பெண்களும் வயதானவர்களும் சுலபமாக வண்டி கிளப்பலாம் என்று ஆயிற்று. கூடவே ஒரு புதுத் தொல்லையும் வந்தது. வண்டி முழுதும் கம்பிகள்! இரும்புப் பாகம் முறிந்தால் கண்ணுக்குத் தெரியும். கம்பிக்குள் போகும் மின்சாரம் எங்கே தவறிவிட்டது என்பது எந்தக் கண்ணுக்குத் தெரியும்? எஞ்சினில் கெட்டிக்காரனான பல மெக்கானிக் இங்கே தடுமாறினான்.

வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் போகக் கம்பி ஒன்று, திரும்பக் கம்பி ஒன்று உண்டு. பழைய காரில் பெரும்பாலும் போகிற கம்பி மட்டுமே இருக்கும். திரும்பும் வழி வண்டியின் இரும்புச் சட்டம்தான். பாட்டரியின் ஒரு முனையைச் சட்டத்தில் பூட்டியிருப்பார்கள். இதை எர்த் என்பார்கள். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த ஆங்கிலக் கார்கள் பலவற்றில் பாஸிட்டிவ் முனை சட்டத்தில் இருக்கும். மற்றவற்றில் நெகடிவ் இருக்கும். பார்க்காமல் பாட்டரியை மாற்றிப் பூட்டினால் ரேடியோ போன்றவை வீணாகிவிடும்.

சட்டமே திரும்பும் வழி என்பதால் இரண்டு விதமான கோளாறு வரும். தொடக்கூடாத இடத்தில் கம்பி சட்டத்தைத் தொட்டுவிட்டால் ஒன்று. தொடவேண்டிய இடத்தில் துரு பிடித்துத் தொடாமற் போனால் மற்றொன்று. பழைய காரின் விளக்குக் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த இரண்டில் அடங்கிவிடும்.

பியூஸ் என்ற காவல்காரன்

முதல் கோளாறுக்கு ஷார்ட் என்று பெயர். பழைய கார்க் கம்பிகளுக்கு ரப்பர் உறையும் அதன்மேல் நூல் பின்னலும் இருக்கும். வருஷம் ஆக ஆக ரப்பர் காய்ந்து உதிரும். நூல் இற்றுவிடும். தகரத்தில் துளையிட்டுக் கம்பியை விட்டிருக்கும் இடத்தில் ரப்பர் வளையம் போய்விட்டால் தகரத்தின் விளிம்பு கத்தி போல் அறுக்கும். எலி கடிப்பதும் உண்டு. அறுந்த இடத்தில் செம்பு வெளியே தெரிந்து இரும்பில் பட்டால், விளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் குறுக்கு வழியில் வெள்ளமாகப் பாயும். கம்பி பழுக்கக் காயும். உறை எரியும். பக்கத்திலே பெட்ரோல்!

அதைத் தடுக்கத்தான் பியூஸ். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு மெல்லிய கம்பி. அளவுக்குமேல் மின்சாரம் போனால் அது முதலில் உருகி அறுந்துவிடும். மற்றதெல்லாம் தப்பும். தன்னைக் கொடுத்து வண்டியைக் காக்கிற காவல்காரன்.

இந்தக் காவல்காரனை நம் ஆட்கள் படுத்துகிற பாடு கொஞ்சமா? பியூஸ் போனவுடன் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி மாட்டுவார்கள். அல்லது ஒரு தடித்த செம்புக் கம்பி. விளக்கு எரியும். கெட்டிக்காரத்தனம் என்று எண்ணிக்கொள்வார்கள். நோய் உள்ளேயே இருக்கிறது. அடுத்த தடவை உருகப்போவது பியூஸ் அல்ல. வண்டிக்குள் இருக்கும் கம்பிக் கற்றை.

புதுப் பியூஸ் போட்டு அதுவும் உடனே போனால், மூன்றாவதைப் போடாமல் இருப்பதுதான் அறிவு. தேர்ந்த மெக்கானிக் பியூஸ் இருந்த இடத்தில் ஒரு சிறு பல்பை மாட்டுவார். 6 வோல்ட் வண்டிக்கு 6 வோல்ட் பல்பு. 12 வோல்ட் வண்டிக்கு 12 வோல்ட் பல்பு. ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும். பிறகு அந்தப் பியூஸைச் சேர்ந்த ஹாரன், வைப்பர், விளக்கு ஆகியவற்றின் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். எதைக் கழற்றியதும் பல்பு அணைகிறதோ, அந்தக் கம்பியில்தான் திருடன் ஒளிந்திருக்கிறான்! மேடு பள்ளத்தில் மட்டும் கோளாறு வருகிறதென்றால் கற்றையை ஒவ்வோர் இடமாகக் குலுக்கிப் பார்ப்பார். எந்த இடத்தைக் குலுக்கும்போது பல்பு சிமிட்டுகிறதோ அங்கே பிரித்துப் பார்ப்பார். இதற்கு ஒரு சிறு பல்பும் பொறுமையும் போதும்.

நம் ஊரில் அதிகம் பழகிய கார் அம்பாஸிடர். இங்கிலாந்து மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டி 1957-ல் வந்தது. 2014-ல் தயாரிப்பு நின்றது. அந்தக் காலத்து ஆங்கிலக் கார்கள் பலவற்றுக்கு லூகாஸ் கம்பெனியின் மின் சாமான்கள்தான். முழு வண்டிக்கும் இரண்டே பியூஸ் வைத்திருந்த கார்கள் உண்டு. ஒன்று எப்போதும் மின்சாரம் உள்ள ஹாரன் போன்றவற்றுக்கு. மற்றொன்று சாவி திருப்பினால் மட்டும் வேலை செய்கிற வைப்பர் போன்றவற்றுக்கு. கம்பிகளுக்கு நிற அடையாளமும் வைத்தார்கள். பழுப்பு நிறம் பாட்டரியிலிருந்து வருவது. வெள்ளை, சாவியைத் தாண்டி எஞ்சினுக்குப் போவது. பச்சை, அதிலே பியூஸைத் தாண்டியது. கறுப்பு, எர்த். இது தெரிந்தவனுக்குக் கம்பிக் காடு ராஜபாட்டை. ஆனால் ஐம்பது வருஷ அழுக்கில் எல்லா நிறமும் ஒரே நிறமாகிவிடுகிறது. அப்போது துடைத்துப் பார்க்க மறுபடி துணிதான்!

இரண்டாவது கோளாறு எர்த் கெடுவது. இதில் பியூஸ் போகாது. விளக்கு மங்கும். ஒரு விளக்கைப் போட்டால் இன்னொன்று மினுக்கும். பல்பை மாற்றி மாற்றிப் பணத்தைக் கரைப்பார்கள். உண்மையில் துருப்பிடித்த ஒரு திருகாணியைக் கழற்றிப் பளபளவென்று சுரண்டி மாட்டினால் சரியாகிவிடும். பழைய 6 வோல்ட் வண்டிகளில் இந்தத் தொல்லை அதிகம். அரை வோல்ட் துருவில் தொலைந்தாலும் பன்னிரண்டில் ஒரு பங்கு போயிற்று அல்லவா?

செல்ப் எடுக்கவில்லையா? முன் விளக்கைப் போட்டுக்கொண்டு செல்பை அழுத்தினால் பாதி விடை கிடைத்துவிடும். விளக்கு அடியோடு மங்கினால் பாட்டரியில் பலம் இல்லை, அல்லது அதன் முனைகளில் உப்புப் பூத்திருக்கிறது. விளக்கு அப்படியே பிரகாசமாக நின்றால் மின்சாரம் ஸ்டார்ட்டருக்கே போகவில்லை. சுவிட்சைப் பார்க்க வேண்டும்.

கிணற்றுக்கு ஒரு மோட்டார்

பஸ்ஸோடு நாயுடு நின்றுவிடவில்லை. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்த் தொழிற்சாலைகளைப் பார்த்தார். 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்வீழ்ச்சி மின்சாரம் கோவைக்கு வந்தது. மில்களும் கிணறுகளும் மின்சாரத்துக்குக் காத்திருந்தன. ஆனால் மோட்டார்? அது கப்பலில் வரவேண்டும். கெட்டுப்போனால் உதிரி பாகமும் கப்பலில்தான்.

பீளமேட்டில் நாஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் எழுந்தது. நாயுடுவோடு டி.பாலசுந்தரம் நாயுடு சேர்ந்து உழைத்தார். 1937-ல் அங்கே ஒரு மின் மோட்டார் உருவாயிற்று. இந்தியாவிலேயே செய்த முதல் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். பாலசுந்தரம் பின்னால் டெக்ஸ்டூல் கம்பெனியை நிறுவினார். கோவை என்றால் மோட்டார், பம்பு என்று நாடெங்கும் பேர் வந்தது.

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்துத் தோட்டக் கிணறானாலும் சரி, பீளமேட்டுக் கிணறானாலும் சரி, மூன்று பேஸ் மோட்டாருக்கு விதி ஒன்றுதான். மூன்று கம்பியில் வரும் மின்சாரத்துக்கு மூன்று பியூஸ். அதில் ஒன்று மட்டும் போய்விட்டால் ஓடுகிற மோட்டார் உடனே நிற்காது. உறுமிக்கொண்டு இரண்டு பேஸில் ஓடப் பார்க்கும். சூடேறும். காயில் கருகிவிடும். சம்சாரிக்குப் பல ஆயிரம் ரூபாய் நஷ்டம். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையும் வாழையும் தண்ணீருக்குக் காத்திருக்கும்போது, காயில் கட்டி வரும்வரை நாலு நாள் என்பது சின்ன விஷயமா? ஆகவே மோட்டார் வேறு மாதிரி உறுமினால் முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். மூன்று பியூஸையும் பார்த்த பிறகுதான் மறுபடி போடவேண்டும். பார்ப்பதும் மெயினை நிறுத்திவிட்டுத்தான். காரின் 6 வோல்ட் மன்னிக்கும். கிணற்று மோட்டாரின் 400 வோல்ட் மன்னிக்காது.

கண்டுபிடிப்புகளும் கோபமும்

நாயுடுவின் கண்டுபிடிப்புகளை அடுக்கினால் பக்கம் போதாது. பாட்டரி போட்டுச் சவரம் செய்யும் சிறு கருவி ஒன்றைச் செய்தார். ரேசண்ட் என்பது அதன் பெயர். அதற்குள்ளும் ஒரு குட்டி மோட்டார்தான். மெல்லிய பிளேடு, பழம் பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, ஓட்டுப் பதிவு மெஷின் என்று செய்துகொண்டே போனார். விவசாயத்தையும் விடவில்லை. பருத்தியிலும் பப்பாளியிலும் பரிசோதனை செய்தார். சர் சி.வி.ராமன் அவரை மனமாரப் புகழ்ந்திருக்கிறார்.

1952-ல் இரண்டு பேர் போகக்கூடிய சின்னக் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் கொடுக்க முடியும் என்று செய்துகாட்டினார். தயாரிக்க சர்க்கார் அனுமதி தரவில்லை. அந்தக் கார் தெருவுக்கு வந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் அதில் ஏறியிருக்கும், எத்தனை பையன்கள் அதைக் கழற்றிப் பார்த்துத் தொழில் கற்றிருப்பார்கள் என்று எண்ணும்போது மனம் வலிக்கிறது.

படிப்பு விஷயத்திலும் அவருக்கு சர்க்காரோடு ஒத்துப்போகவில்லை. 1945-ல் கோவையில் எஞ்சினீயரிங் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் தோன்ற அவர் வாரி வழங்கினார். அப்போதைய கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரை வைத்தார்கள். கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார். ஆரம்பப் பள்ளியை விட்டு ஓடியவர் எஞ்சினீயரிங் கல்லூரிக்கு முதல்வர்! நாலு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷம் போதும், மாணவன் கையால் வேலை செய்து கற்கவேண்டும் என்பது அவர் கட்சி. சர்க்கார் ஒப்பவில்லை. பதவியை விட்டு விலகிவிட்டார். நாலு வருஷம் முழுதும் வீண் என்பது சற்று மிகைதான். கணக்கும் தத்துவமும் தெரியாமல் மோட்டாரைப் புதிதாக அமைக்க முடியாது. ஆனால் பட்டம் வாங்கிய எஞ்சினீயர் பியூஸ் போடத் தெரியாமல் விழிப்பதைப் பார்த்தவர்கள், நாயுடு சொன்னதில் பாதியாவது நிஜம் என்று ஒப்புக்கொள்வார்கள்.

1950-களில் சர்க்கார் விதித்த வரி அவருக்கு அளவு மீறியதாகப் பட்டது. தம் கையால் உருவாக்கிய சாமான்களைப் பொது ஜனங்கள் முன்னிலையில் உடைத்து நொறுக்கினார்! பார்த்தவர்கள் பதறினார்கள். கோபத்தில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனாலும் உடைந்தவை திரும்ப வராதவை. அக்கு அக்காகக் கழற்றியதைத் திரும்பப் பூட்டத் தெரிந்தவர், அன்று பூட்ட முடியாதபடி உடைத்தார்.

கோவையில் இன்றும்

ஜி.டி.நாயுடு 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி காலமானார். வயது 80.

கோவை அவினாசி ரோட்டில் அவர் பெயரால் பொருட்காட்சி இருக்கிறது. அவர் செய்த கருவிகளையும் உலகெங்கும் திரட்டிய சாமான்களையும் அங்கே பார்க்கலாம். 2015-ல் பழைய கார்களுக்கென்றே ஒரு காட்சிசாலையும் அதே சாலையில் திறந்தார்கள். பல நாட்டு வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஹாண்டில் சுற்றிக் கிளப்பிய காலத்திலிருந்து பின்னால் வந்தவை வரை உண்டு. குழந்தைகளைக் கூட்டிப்போனால் பானெட்டின் உள்ளே எட்டிப் பார்க்காமல் வரமாட்டார்கள்.

2025 அக்டோபரில் அதே அவினாசி ரோட்டின் மேல் 10 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் மேம்பாலம் திறக்கப்பட்டது. அதற்கு ஜி.டி.நாயுடு மேம்பாலம் என்று பெயர். கலங்கலிலிருந்து ஓட்டல் வேலைக்கு வந்த இளைஞன் பஸ் விட்டுப் பிழைத்த நகரத்தில், இப்போது அந்தப் பாலத்தின் மேல் வண்டிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன.